சோலார் வேலிப் பெட்டி பேட்டரிக்கும் கரண்டுக்கும் மாறி மாறித் தாவுகிறதா? பழுதைக் கண்டுபிடித்து சரிசெய்யும் முறை

மணலூர்பேட்டை தென்பெண்ணைக் கரையிலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரை, மணிலா, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு பயிரிடும் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி பெரிய தலைவலி. பலர் சோலார் வேலி போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வெயில் போதாமல் பேட்டரி இறங்கிவிடுவதால், சோலார் பேட்டரியோடு மின்வாரிய கரண்டில் ஓடும் அடாப்டரையும் சேர்த்து இணைக்கும் வசதி உள்ள பெட்டிகளை இப்போது பரவலாக வாங்குகிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

ஆனால் சில மாதங்களில் ஒரு சிக்கல் தலைகாட்டும். பெட்டிக்குள் இருந்து 'டக், டக்' என்று சத்தம் வரும். பேட்டரி விளக்கும் கரண்டு விளக்கும் மாறி மாறி எரியும். ஒவ்வொரு முறை தாவும்போதும் வேலியில் ஷாக் சில நொடிகள் நின்று போகும். பன்றிக் கூட்டம் புகுந்து ஒரு பாத்தி மணிலாவைக் கிளற அந்த இடைவெளியே போதும். இந்தப் பழுது எதனால் வருகிறது, எந்த வரிசையில் சோதிப்பது, எதை நீங்களே சரிசெய்யலாம், எதற்கு மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வேலிப் பெட்டி (எனர்ஜைசர்) 12 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, அதை ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து, ஒரு நொடிக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒவ்வொரு துடிப்பாக வேலிக் கம்பிக்கு அனுப்புகிறது. துடிப்பின் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக இருந்தாலும், அது நீடிக்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் விலங்கு அதிர்ந்து ஓடுகிறது, சாவதில்லை.

இந்தப் பெட்டிக்கு 12 வோல்ட் இரண்டு வழிகளில் வருகிறது.

1. சோலார் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி வழியாக வருவது.
2. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் அடாப்டர் வழியாக வருவது.

இரண்டில் எதை எடுப்பது என்று போர்டில் உள்ள ஒரு சிறு சர்க்யூட் முடிவு செய்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் இது மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

- ரிலே வகை: பேட்டரி வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரிலே அடித்து அடாப்டருக்கு மாற்றும். மாறும்போது 'டக்' சத்தம் கேட்கும்.
- டயோடு வகை: இரண்டு வழியிலும் ஒவ்வொரு டயோடு இருக்கும். எந்தப் பக்கம் வோல்டேஜ் கூடுதலோ அந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் ஓடும். சத்தம் வராது.
- மாஸ்ஃபெட் வகை: ரிலே செய்யும் வேலையையே சத்தமில்லாமல் செய்யும்.

உங்கள் பெட்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டயோடு வகையில், மாலையில் பேட்டரி 13.5 வோல்ட்டிலிருந்து 12.5-க்கு இறங்கும்போது விளக்கு ஒரு முறை மாறுவது இயல்பு. அது பழுது இல்லை. நிமிடத்துக்குப் பல முறை மாறினால்தான் பழுது.

ஏன் மாறி மாறித் தாவுகிறது?

அடிப்படைக் காரணம் எளிமையானது. பெட்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சற்று இறங்கும். போர்டு 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று நினைத்து அடாப்டருக்கு மாற்றும். சுமை விலகியதும் பேட்டரி வோல்டேஜ் மறுபடி ஏறும். போர்டு 'பேட்டரி நன்றாக இருக்கிறது' என்று திரும்ப மாற்றும். சுமை ஏறியதும் வோல்டேஜ் மீண்டும் இறங்கும். இந்தச் சுழற்சிதான் ஓயாத 'டக் டக்'.

நல்ல போர்டில் இதைத் தடுக்க இரண்டு அளவுகள் வைத்திருப்பார்கள். உதாரணமாக, 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை விட்டு விலகும். ஆனால் 12.6 வோல்ட்டைத் தாண்டினால்தான் திரும்பப் பேட்டரிக்கு வரும். விலகும் அளவுக்கும் திரும்பும் அளவுக்கும் இடையே ஒரு வோல்ட்டாவது இடைவெளி இருந்தால் பேட்டரி சற்று ஏறி இறங்கினாலும் போர்டு தடுமாறாது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் கட்டாயம் தாவும்.

ஆகவே தாவுதலுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. போர்டுக்கு வரும் வோல்டேஜ் உண்மையிலேயே ஏறி இறங்குகிறது. அல்லது வோல்டேஜ் சரியாக இருந்தும் போர்டு தவறாகப் புரிந்துகொள்கிறது. முதல் வகையே அதிகம். எனவே போர்டை மாற்ற ஓடுவதற்கு முன் பேட்டரி, ஒயர், அடாப்டர் மூன்றையும் சோதித்து முடியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

- முதலில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.
- அடுத்து பேனல் ஒயரைக் கழற்றுங்கள். பிறகு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பேட்டரி இருக்கும்போதே பேனலை இணைக்க வேண்டும் என்பதால், திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் அடுத்து.
- பெட்டிக்குள் உள்ள பெரிய கெப்பாசிட்டரில், மின்சாரம் நிறுத்திய பின்னும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். மூடியைத் திறக்கும் முன் குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். போர்டில் பழகாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.
- சாதாரண மல்டிமீட்டரை வேலிக் கம்பி முனையில் வைக்காதீர்கள். மீட்டர் எரிந்துவிடும். வேலிக்குத் தனி மீட்டர் உண்டு.
- ஈரத் தரையில், மழையில், இரவில் தனியாக வேலை செய்யாதீர்கள்.

தேவையான பொருள்கள்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் (குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் நல்லது), ஸ்பேனர், உப்புத்தாள், வாசலின், இன்சுலேஷன் டேப், இரண்டு மீட்டர் நீளமுள்ள தடித்த ஒயர் ஒரு ஜோடி.

படி 1: எப்போது தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு நாள் ஒரு தாளில் நேரத்தை எழுதுங்கள். அதுவே பாதிப் பழுதைச் சொல்லிவிடும்.

- விடியற்காலையில் மட்டும் தாவினால்: பேட்டரி இரவு முழுக்கத் தாங்கவில்லை.
- மேகம் வந்து போகும் பகலில் தாவினால்: பேட்டரி கிட்டத்தட்ட காலி. பேனல் வோல்டேஜைப் பார்த்து போர்டு ஏமாறுகிறது.
- பக்கத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தாவினால்: கரண்டு வோல்டேஜ் குறைந்து அடாப்டர் தடுமாறுகிறது.
- மழைக்குப் பிறகு தாவினால்: வேலியில் கசிவு, அல்லது பெட்டிக்குள் ஈரம்.
- நடுப்பகல் உச்சி வெயிலில் தாவினால்: பெட்டி சூடேறிப் போர்டில் ஏதோ ஓர் இணைப்பு விடுகிறது.
- ஒவ்வொரு ஷாக் துடிப்போடும் சேர்ந்து தாவினால்: ஒயர் மெலிது, கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது எர்த் தவறு.

படி 2: ஒவ்வொரு வழியையும் தனியாக ஓட்டுங்கள்

அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு பேட்டரியை விலக்கி அடாப்டரில் மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பேட்டரியில் தனியாக ஓடும்போது பெட்டி அணைந்து அணைந்து எரிந்தால் குறை பேட்டரி வழியில். அடாப்டரில் அப்படி நடந்தால் குறை அடாப்டர் வழியில். இரண்டிலும் தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்தால் மட்டும் தாவினால் குறை போர்டின் மாற்றும் பகுதியில், அல்லது எர்த் இணைப்பில்.

படி 3: வேலியைக் கழற்றிப் பாருங்கள்

பெட்டியை அணைத்து, வேலிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட விடுங்கள். தாவுதல் நின்றுவிட்டால் குறை வேலியில் இருக்கிறது. கம்பியில் புல் ஏறியிருக்கலாம், இன்சுலேட்டர் உடைந்து கம்பி கல்தூணைத் தொட்டிருக்கலாம், ஓலை விழுந்திருக்கலாம். கசிவு அதிகமானால் வேலியில் ஷாக் குறையும். சில மாடல்களில் பெட்டி அதை ஈடுகட்டக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அப்போது பேட்டரி விரைவில் இறங்கும். வேலியை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

படி 4: பேட்டரியைச் சோதியுங்கள்

பேனலையும் பெட்டியையும் கழற்றி, பேட்டரியை இரண்டு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அளவெடுங்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் காலிப் பேட்டரிகூட 13 வோல்ட் காட்டி ஏமாற்றும். லெட் ஆசிட் பேட்டரிக்கு உத்தேச அளவுகள்:

- 12.7 வோல்ட் அல்லது மேல்: முழு சார்ஜ்.
- 12.4 வோல்ட்: முக்கால்.
- 12.2 வோல்ட்: பாதி.
- 11.9 வோல்ட் அல்லது கீழ்: ஏறக்குறைய காலி.

சும்மா இருக்கும்போது 12.6 காட்டி, பெட்டியை இணைத்ததும் 11.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் உள்தகடுகள் தேய்ந்துவிட்டன. எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் முதலில் டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர், போர்வெல் தண்ணீர் ஊற்றக்கூடாது. அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

பேட்டரி நல்லது, ஆனால் தினமும் காலியாகிறது என்றால் அளவு போதவில்லை. கணக்கு இப்படி. பெட்டி சராசரியாக அரை ஆம்பியர் இழுத்தால், 12 மணி நேர இரவுக்கு 6 ஆம்பியர் மணி வேண்டும். வெயில் இல்லாத மூன்று இரவுகளுக்கு 18. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால், அதன் இரண்டு மடங்கான 36-ஐ ஒட்டி, 40 ஆம்பியர் மணி பேட்டரி சரியாக இருக்கும். உங்கள் பெட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பது அதன் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

படி 5: ஒயரையும் கிளாம்பையும் சோதியுங்கள்

அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுதான். பேட்டரி மோட்டார் கொட்டகையிலும் பெட்டி வரப்பு ஓரத்திலும் இருந்தால் இடையில் நீண்ட ஒயர் ஓடும். 12 வோல்ட்டில் நீண்ட மெல்லிய ஒயர் பெரிய எதிரி.

ஓர் உதாரணம். பேட்டரிக்கும் பெட்டிக்கும் 15 மீட்டர் தூரம். போக, வர 30 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் அதன் மின்தடை சுமார் அரை ஓம். பெட்டி ஒரு துடிப்புக்காகக் கெப்பாசிட்டரை நிரப்பும்போது 3 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தும் போர்டுக்கு 10.9-தான் போய்ச் சேரும். போர்டு அடாப்டருக்குத் தாவும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. முடிந்தால் பேட்டரியைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

சோதிக்கும் முறை: பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் ஓர் அளவு, பெட்டியின் உள்வரும் முனையில் ஓர் அளவு எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குறை இடையில். துடிப்பு வேகமானது என்பதால் மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால், கைவசமுள்ள இரண்டு மீட்டர் தடித்த ஒயரால் பேட்டரியைப் பெட்டிக்கு நேரடியாக இணைத்துப் பாருங்கள். தாவுதல் நின்றால் பழைய ஒயர்தான் குற்றவாளி.

கிளாம்பில் பச்சை, வெள்ளைப் பூஞ்சை போல் படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். முதலைக் கிளிப் மாட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு போல்ட் கிளாம்புக்கு மாறுங்கள். பியூஸ் ஹோல்டரும் தளர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். பியூஸ் பேட்டரிக்கு அருகில், பிளஸ் ஒயரில் இருக்க வேண்டும்.

படி 6: அடாப்டரைச் சோதியுங்கள்

அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதோடு எத்தனை ஆம்பியர் என்றும் பாருங்கள். பெட்டி 2 ஆம்பியர் கேட்க, ஒரு ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் அது சுமை தாங்காமல் தானே அணைந்து, ஒரு நொடியில் திரும்ப எரியும். அடாப்டரின் சிறு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தால் இதுதான் காரணம். பெட்டி கேட்பதைவிட ஒன்றரை மடங்கு ஆம்பியர் உள்ளதை, அதே வோல்டேஜில் வாங்குங்கள்.

பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டரில், கரண்டு 230-லிருந்து 170-க்கு இறங்கினால் வெளிவரும் வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தாவுவது இதனால்தான். 100 முதல் 240 வோல்ட் வரை வேலை செய்யும் என்று எழுதப்பட்ட எஸ்.எம்.பி.எஸ். வகை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பெட்டியின் சீட்டில் 'பேட்டரிக்கு மட்டும்' அல்லது 'மின்வாரிய கரண்டில் ஓடும் கருவிகளுடன் இணைக்காதீர்' என்று இருந்தால், எந்த அடாப்டரையும், சார்ஜரையும் அதில் மாட்டவே கூடாது. மலிவு அடாப்டர் உள்ளே பழுதானால் 230 வோல்ட் நேராக வேலிக் கம்பிக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. அடாப்டர் வசதி உள்ள பெட்டிக்கும் தயாரிப்பாளர் கொடுத்த, அல்லது அவர் பரிந்துரைத்த, பி.ஐ.எஸ். முத்திரையுள்ள அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்கள். பிளக்குக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வையுங்கள்.

விவசாய இலவச மின் இணைப்பு நீர் இறைப்பதற்காகக் கொடுக்கப்படுவது. அடாப்டரை எந்த இணைப்பிலிருந்து எடுக்கலாம் என்பதை உங்கள் பகுதி மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

படி 7: எர்த்தைப் பாருங்கள்

வேலியின் எர்த் கம்பியை மோட்டார் எர்த்திலோ, வீட்டு எர்த்திலோ இணைத்திருந்தால் உடனே பிரியுங்கள். ஒவ்வொரு துடிப்பும் அந்த எர்த் வழியே அடாப்டருக்குள் புகுந்து போர்டைக் குழப்பும். அதைவிட மோசம், மோட்டாரின் இரும்பு உடலில் ஷாக் அடிக்கலாம். வேலி எர்த்துக்கும் மற்ற எர்த்துக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மின்வேலிக்கான சர்வதேசத் தரநிலையின் விதி.

வேலிக்குப் போகும் உயர் அழுத்த ஒயரை, பேட்டரி ஒயரோடும் அடாப்டர் ஒயரோடும் சேர்த்து ஒரே குழாயில் விடாதீர்கள். பெட்டியின் ஒரு பக்கம் உள்வரும் ஒயர், மறுபக்கம் வேலி ஒயர் என்று பிரித்து எடுங்கள். துடிப்போடு சேர்ந்து தாவும் பெட்டிகளில் இந்த ஒரு மாற்றம் மட்டும் பழுதைத் தீர்ப்பதுண்டு.

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால்: போர்டு

இனி மெக்கானிக் வேலை. உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியைத் திறக்காதீர்கள், சீல் உடைந்தால் உத்தரவாதம் போய்விடும். வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

- விலகும் வோல்டேஜ், திரும்பும் வோல்டேஜ் இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? பேட்டரிக்குப் பதிலாக வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளை வைத்து மெதுவாக இறக்கி, எந்த அளவில் மாறுகிறது, ஏற்றும்போது எந்த அளவில் திரும்புகிறது என்று அளக்கலாம். இடைவெளி அரை வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் திருகு மூலம் அல்லது ரெசிஸ்டர் மாற்றி அதிகப்படுத்தச் சொல்லுங்கள்.
- உள்வரும் பகுதியில் உள்ள கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா? ரிலே ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கம் போகும் அந்தக் கண நேரத்தில் போர்டைத் தாங்குவது இந்தக் கெப்பாசிட்டர்தான். அது வறண்டுவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் போர்டு அணைந்து புதிதாகத் தொடங்கும். தொடங்கும்போது எரியும் விளக்கு வரிசை ஒவ்வொரு முறையும் தெரிந்தால் இதுவே காரணம். தகரக் கூரைக்கு அடியில் வைத்த பெட்டிகளில் இது சீக்கிரம் வரும்.
- ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கிறதா? பல ஆயிரம் முறை தாவிய ரிலே தேய்ந்திருக்கும். மூலக் காரணத்தைச் சரிசெய்யாமல் ரிலேயை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிதான்.
- ரிலே கால்கள், ஒயர் முனைகளில் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கிறதா? சூடேறும்போது மட்டும் தாவும் பழுதுக்கு இதுவே முதல் சந்தேகம்.
- எறும்பு, பல்லி முட்டை, பச்சைத் துரு இருக்கிறதா? பழைய பிரஷ்ஷும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் வார்னிஷ் பூசலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு தண்ணீர் திறக்கப்பட்டு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அதுபோல் வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி, காய்ந்த பின் ஓடினாலும் வண்டல் படிந்த போர்டில் ஈரக்காற்றுப் பட்டதும் கசிவு உண்டாகும். மாதங்கள் கழித்துகூடத் தாவுதல் தொடங்கலாம். மூழ்கிய பெட்டியைச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தாதீர்கள். புதிதாக மாட்டும்போது வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள்.

தாவுதலே இல்லாத மாற்று வழி

போர்டு திரும்பத் திரும்பத் தகராறு செய்தால் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, பெட்டியை எப்போதும் பேட்டரியில் மட்டும் ஓட்டுவது. இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டு, ஒன்று வேலியில் இருக்கும்போது மற்றொன்றை வீட்டில் சார்ஜ் செய்து, மழைக்காலத்தில் மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வயலுக்கு 230 வோல்ட் ஒயரே போக வேண்டியதில்லை என்பதால் இதுவே மிகப் பாதுகாப்பான முறை.

இரண்டாவது, பேனலின் அளவைக் கூட்டுவது. 40 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு சுமார் 10 ஆம்பியர் மணி தரும். மேகமூட்ட நாளில் பாதிகூட வராது. முன்பு சொன்ன உதாரணத்தில் இரவுக்கு 6 தேவை. 75 அல்லது 80 வாட் பேனலாக மாற்றினால் மேகமூட்டத்திலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், அடாப்டர் தேவைப்படும் நாள்கள் மிகவும் குறையும். சார்ஜ் கன்ட்ரோலர் அந்த ஆம்பியரைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேனல் மீது படியும் தூசியைத் துடைப்பதும், நிழல் விழும் கிளையை வெட்டுவதும் செலவில்லாத வழிகள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

பெட்டி பழுதாகி, இரவில் பன்றி வந்து, அறுவடைக்கு நின்ற பயிர் போகும்போது 'இன்று ஒரு ராத்திரி மட்டும் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்துவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பெட்டி தருவது கண நேரத் துடிப்பு. நேரடிக் கரண்டு தொடர்ந்து ஓடுவது, தொட்டவர் கையை எடுக்கவே முடியாது. அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரர், ஆடு மேய்க்கும் பிள்ளை, ஏன், நீங்களே பலியாகலாம்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே விளைநிலத்தில் போடப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. நிலத்துக்காரர் கைதானார். அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தனி விதிகளையும் கொண்டுவந்தது. கல்வராயன் மலைப்பகுதி போலக் காப்புக்காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்கள், சோலார் வேலியாக இருந்தாலும் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து அனுமதியும் பதிவும் பெற்றுக்கொள்ளுங்கள். மின்திருட்டுக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் வழக்கு அதோடு நிற்காது.

பெட்டி இல்லாத இரவுகளுக்கு, காவல், விளக்கு, பட்டாசுச் சத்தம், கருவாட்டு நெடி, பழைய சேலை கட்டுதல் என்று பழகிய வழிகளைக் கையாளுங்கள். வேலிக்கு முள்கம்பியைப் பயன்படுத்தி அதில் ஷாக் கொடுப்பதும் கூடாது. மாட்டிக்கொண்ட விலங்கோ மனிதரோ விலக முடியாமல் அடி மேல் அடி வாங்க நேரும். ஒரே வேலிக்கு இரண்டு பெட்டிகளை இணைப்பதும் தவறு. மின்கம்பிகள் போகும் பாதைக்கு அடியில் வேலி வராமல் தள்ளிப் போடுங்கள்.

பருவத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியவை

1. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் பேட்டரி, கிளாம்ப், ஒயர், எர்த் நான்கையும் பார்த்துவிடுங்கள்.
2. மாதம் ஒரு முறை அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஓர் இரவு முழுக்கப் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். விடியும்போது 12.2 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.
3. பெட்டியை நிழலில், காற்றோட்டமாக, ஆள் உயரத்தில் மாட்டுங்கள். ஒயர் நுழையும் துளை அடிப்பக்கம் இருக்கட்டும், பல்லி நுழையாதபடி அடைத்துவிடுங்கள்.
4. சாலையை ஒட்டிய வேலியில் 'மின்வேலி, தொடாதீர்' என்ற மஞ்சள் எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள்.
5. எந்தத் தேதியில் எந்த ஒயர், எந்தப் பேட்டரி மாற்றினீர்கள் என்று பெட்டியின் மூடியிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது பாதி வேலை மிச்சம்.

யாரை அணுகலாம்?

சோலார் வேலிக்கு மானியம் இப்போது உள்ளதா, எவ்வளவு என்பதை உங்கள் உபகோட்ட வேளாண் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலும், உழவன் செயலியிலும் தெரிந்துகொள்ளலாம். மானியத்தில் அமைத்த வேலி என்றால் பழுதைப் பெட்டி அமைத்த நிறுவனத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வயலில் மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, யாராவது வேலியில் நேரடிக் கரண்டு கொடுத்திருப்பது தெரிந்தாலோ கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987-இல் சொல்லுங்கள். காட்டு விலங்கு சிக்கியிருந்தால் வனத்துறைக்கும் உடனே தகவல் கொடுங்கள்.

பெட்டி தாவும்போது முதலில் கிளாம்ப், அடுத்து ஒயர், பிறகு பேட்டரி, அடாப்டர், எர்த், கடைசியில் போர்டு. இந்த வரிசையில் போனால், போர்டு நன்றாக இருக்கும்போதே அதை மாற்றிப் பணத்தை வீணாக்கும் நிலை வராது.